சுத்தியலின் இரட்டை ஆறு

பஸ் பணிமனையில் பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும். ஒரு மணிக்கு மறுபடி ஊதும். நடுவில் கிடைக்கிற அரை மணி நேரத்தில் நான்கு பேர் பத்து நிமிடத்தில் சாப்பாட்டை விழுங்கிவிட்டு மிச்ச இருபது நிமிடத்தை டாமினோவுக்குக் கொடுப்பார்கள். காலி பேரல் மேல் ஒரு பிளைவுட் பலகை, சுற்றி நான்கு கிழிந்த பஸ் சீட்டு. ஆளுக்கு ஏழு கட்டை. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. பலகையில் நீளும் வரிசையின் இரண்டு முனைகளில் ஒன்றோடு புள்ளி பொருந்துகிற கட்டையை வைக்க வேண்டும். வைக்க இல்லாதவன் விரல் முட்டியால் பலகையில் இரண்டு தட்டு தட்டி ‘பாஸ்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டை முதலில் யாருக்குத் தீர்கிறதோ அந்தக் கட்சிக்கு வெற்றி. தோற்றவன் கையில் மிஞ்சின புள்ளியெல்லாம் அவன் தலையில். இவ்வளவுதான் ஆட்டம். இதற்காக இருபத்திரண்டு வருஷம் நான்கு பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கட்சி பிரேக்காரரும் டிங்கரும். பிரேக்காரர் பஸ்ஸுக்கு அடியில் படுத்து பிரேக் மாட்டுகிறவர். டிங்கர் நசுங்கின தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர். கட்டையையும் அதே கையால் பலகையில் அறைவார் என்பதால் ‘சுத்தியல்’ என்று பெயர் விழுந்தது. எதிர்க் கட்சி வயர்மேனும் டயர்க்காரரும்.

சுத்தியலுக்கு ஒரு கிறுக்கு உண்டு. இரட்டை ஆறு வந்தால் விடமாட்டார். இரண்டு பக்கமும் ஆறு ஆறு புள்ளி உள்ள அந்தக் கட்டைதான் இருப்பதிலேயே கனம். கையில் மிஞ்சினால் பன்னிரண்டு புள்ளி நஷ்டம். மூளை உள்ளவன் முதல் வாய்ப்பிலேயே தள்ளிவிடுவான். சுத்தியல் மட்டும் அதைக் கடைசிக் கட்டையாக அறைந்து ஜெயிக்க வேண்டும் என்று கட்டிக்கொண்டு அழுவார். பத்தில் ஒன்பது முறை அது கையோடு தங்கிவிடும்.

“அதை எதுக்குடா வச்சிருக்க? உன் பொண்ணுக்குச் சீர் செய்யவா?” என்று பிரேக்காரர் கத்துவார்.

“ஒருநாள் அறைவேன்ணே. பலகை ரெண்டா பிளக்கும், பாருங்க.”

பிளக்கவே இல்லை. இந்தச் சண்டையைப் பிரேக்காரர் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் வரி விடாமல் ஒப்பிப்பார். அவள் டாமினோ ஆடியதில்லை. ஆனால் சுத்தியலின் கிறுக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இந்த வீட்டுச் சாப்பாட்டைத் தின்றும் புகழ்ந்தும் பழகிய பணிமனைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் அண்ணி. கதையிலும் அண்ணியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் ஒரு காலை நேரம் பிரேக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறி, பிறகு மெல்லத் திரும்பியது. முதல் மாதம் பணிமனையே வீட்டுக்கு வந்தது. இரண்டாவது மாதம் நான்கைந்து பேர். மூன்றாவது மாதம் சுத்தியல் மட்டும். அதற்குப் பிறகு போன்.

அண்ணி துணி வெளுக்கும் கம்பெனியில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை வேலை. வீட்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டேகால் ஆகியிருக்கும். நாள் முழுக்க எப்படியோ இருக்கிற மனுஷன் அந்த நேரத்தில் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பன்னிரண்டரை ஆனதும் இடது கை விரல் போர்வையின்மேல் எதையோ நகர்த்தும். கை கால் போனதற்கு அழாதவள் அந்த விரலைப் பார்த்து அழுதாள்.

அவளேதான் சுத்தியலுக்குப் போன் போட்டாள். “தம்பி, போன்ல டாமினோ ஆடலாமாமே? மதியம் அந்தக் கொஞ்ச நேரம் அவரையும் சேர்த்துக்கங்களேன். ஆளுக்கு ஒரு போன் இருக்குல்ல?”

“சேர்த்துக்கறதா? அவர் இல்லாம நாங்க என்னத்த ஆடறது அண்ணி!” என்றார் சுத்தியல். அந்த நேரத்தில் அவர் அதை மனசாரத்தான் சொல்லியிருப்பார்.

மகள் விட்டுப்போன பெரிய திரைப் போனில் ஆட்டத்தை இறக்கி, தலையணையைச் சாய்த்து, மடியில் ஒரு பலகையை வைத்து அதன்மேல் போனை நிறுத்தி, ‘எப்படி ஆடுவது’ என்ற பக்கத்தை அண்ணி வாய்விட்டுப் படித்தாள். பெயரைப் பதிக்கவும். தனி அறை திறக்கவும். அறை எண்ணை நண்பர்களுக்கு அனுப்பவும். உங்கள் முறை வரும்போது கட்டையை விரலால் இழுத்து முனையில் விடவும். வைக்க இல்லையென்றால் ஆட்டமே உங்களுக்காகப் பாஸ் சொல்லிவிடும். ஆட்டக்காரர் யாராவது எழுந்து போனால் அவர் பெயரிலேயே கணினி தொடர்ந்து ஆடும்.

“எனக்கே ஆட்டம் சொல்லித் தர்றியா?” என்று பிரேக்காரர் கோணிய வாயோடு சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு.

அன்றிலிருந்து தினமும் மதியம் சுத்தியல் அண்ணியின் போனுக்கு ஒரு நாலு இலக்க எண்ணை அனுப்புவார். அவள் அதைக் கணவன் போனில் அடித்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். பிரேக்காரர் இடது கையால் கட்டையை இழுப்பார், அது பாதி வழியில் நழுவும், மறுபடி இழுப்பார். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று அவள்தான் நேரத்தைக் கூட்டி வைத்திருந்தாள். பாஸ் வந்தால் ஆட்டமே சொல்லிவிடும் என்று தெரிந்தும் அவர் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் அதைக் கேட்பாள். வீட்டில் ஒரு ஆம்பளை இருக்கிற சத்தம் என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டாவது வாரம் ஒருநாள் அவர், “சுத்தியல் டபுள் ஆறை எடுத்த எடுப்புல போட்டுட்டான்,” என்றார்.

“இப்பவாவது புத்தி வந்துச்சே.”

அடுத்த நாளும் போட்டான் என்றார். அதற்கு அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நாளில் தட்டுகிற சத்தமும் நின்றுபோனது. இடது கையும் தளர்கிறதோ என்று அவள் பயந்து டாக்டரிடம்கூடக் கேட்டாள். கை நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ஆட்டம் மட்டும் ஒருநாள் தவறாமல் நடந்தது. “யாரு ஜெயிச்சா?” என்று கேட்பாள். “நாங்கதான்” அல்லது “அவனுங்க” என்பார். எட்டு மாதம் இப்படியே ஓடிற்று.

போன புதன்கிழமை பணிமனை குமாஸ்தா கூப்பிட்டார். குரலில் வெண்ணெய் வழிந்தது. “அண்ணி, அண்ணனோட லாக்கரைக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா... புது பிரேக் ஆள் வந்து ரெண்டு மாசமாச்சு. அவர் துணியை ஆணியில மாட்டிட்டு இருக்காரு.”

லாக்கர் போனால் வேலை போச்சு என்பது குமாஸ்தாவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கணவனிடம் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. வியாழன் அவளுக்கு விடுமுறை. வந்த எண்ணை அடித்துக் கொடுத்து, போனை நிறுத்தி, “மருந்து வாங்கிட்டு வந்துடறேங்க, நீங்க ஆடிட்டு இருங்க,” என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பணிமனை இரண்டு தெரு தள்ளித்தான்.

உள்ளே சங்கு ஊதிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. டீசலும் ரப்பரும் கலந்த வாடை. குமாஸ்தா சாவியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாக்கரில் ஒரு துண்டு, ஒரு பழைய மூக்குக்கண்ணாடி, பஸ்ஸுக்கு அடியில் மண்டியிட அவர் தானே வெட்டித் தைத்த ஸ்பாஞ்சுத் திண்டு. முட்டி பதிந்த குழி இரண்டும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாள். சுத்தியலை ஒரு எட்டு பார்த்துவிட்டு, ஆட்டத்துக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று டிங்கர் ஷெட் பக்கம் நடந்தாள். பாவம், நன்றி சொல்லத்தான் போனாள்.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. கட்டை பலகையில் விழுகிற சத்தம்.

பேரல் அங்கேயே இருந்தது. பிளைவுட் பலகையும் அதே. சுத்தியல், வயர்மேன், டயர்க்காரர் மூன்று பேரும் அவரவர் சீட்டில். சுத்தியலுக்கு எதிரே, பிரேக்காரர் சீட்டில், முப்பது வயதில் ஒருவன். கையில் ஐந்து கட்டையை விசிறிபோல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து ஜன்னல் திட்டில் மூன்று போன்கள் வரிசையாகச் சார்ஜரில் கிடந்தன. மூன்றிலும் வெளிச்சம். திரையில் கட்டைகள் தாமாகவே நகர்ந்தன. ஒரு கட்டை போய் ஒட்டியது. அடுத்த போனில் இன்னொன்று. அதற்கு அடுத்ததில் இன்னொன்று. பிறகு மூன்றும் நின்றன. ஒரு நிமிடம் அப்படியே காத்திருந்தன. யாருக்காகக் காத்திருக்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது. வீட்டில் தலையணையில் சாய்ந்து ஒருவர் இடது கையால் கட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

“அண்ணி!” சுத்தியல் எழுந்ததில் மடியிலிருந்த கட்டை கீழே விழுந்தது.

“உக்காருங்க தம்பி. ஆட்டம் கெட்டுடப் போகுது.”

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் வாரம் பூரா நாங்களேதான் ஆடினோம், சத்தியமா. அண்ணன் ஒரு கட்டையை நகர்த்த ஒரு நிமிஷம் ஆகுது. ரெண்டு ஆட்டம் முடியறதுக்குள்ள சங்கு ஊதிடுது. சாப்பிடக்கூட நேரம் இல்ல அண்ணி. இதுல ஆட்டோன்னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்கி வச்சா அதுவே பொறுமையா...”

“பொறுமையா.”

“அவருக்கும் ஆட்டம் நடக்குது, எங்களுக்கும்...”

“என் புருஷன் உங்களுக்கு ஒப்புக்குச் சப்பாணியா தம்பி?”

அந்த வார்த்தை சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் சும்மா வந்துபோகிற வார்த்தை. கால் விளங்காதவரின் மனைவி வாயிலிருந்து வந்தபோது அது சும்மா போகவில்லை. சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு எரிந்தது. டயர்க்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். புது ஆள் ஒன்றும் புரியாமல், நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த திண்டைப் பார்த்து, “அக்கா, அது உங்களுக்கு வேண்டாம்னா நான் வச்சுக்கட்டுமா?” என்று கேட்டான். அவனை எரிப்பதுபோல் பார்த்தாள். அவன் மேல் என்ன தப்பு? ஆனால் தப்பில்லாதவனையும் எரிக்கிற கோபம் அது.

சுத்தியலின் போனை எடுத்தாள். புது ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கீழே ஏழு கட்டை. மூலையில் ‘ஆட்டோ’ என்று பச்சையாக எரிந்ததை விரலால் குத்தி அணைத்தாள். எட்டு மாதத்தில் ஒரு கட்டையையாவது ஒரு மனுஷக் கை அவருக்கு வைக்கட்டும் என்று வீம்பு.

ஆட்டம் தெரியாது. எதிராளி யாரென்றும் பார்க்கவில்லை. முனையில் நான்கு இருந்தால் நான்கு, இரண்டு இருந்தால் இரண்டு, பொருந்துகிறதைக் கோபத்தோடு இழுத்து இழுத்து விட்டாள். ஒவ்வொரு முறையும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏழில் ஒரு கட்டை மட்டும் புள்ளி புள்ளியாக நிறைந்து பெரிசாகத் தெரிந்தது. புள்ளியை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. நல்ல கட்டை போலிருக்கிறது, கடைசிக்கு இருக்கட்டும் என்று அதைத் தொடவே இல்லை. வயர்மேன் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுத்தியல் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். ஆட்டம் முடிந்தபோது அவள் கையில் அந்த ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. ‘உங்கள் கட்சி தோற்றது’ என்றது போன்.

“அழிங்க,” என்று போனை நீட்டினாள். “என் கண்ணு முன்னாடி அழிங்க. மூணு பேரும். அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். நாளையில இருந்து எனக்கு எந்த நம்பரும் வர வேண்டாம்.”

மூன்று பேரும் அழித்தார்கள். சுத்தியலின் தடித்த விரல் இரண்டு முறை தவறி மூன்றாவது முறை சரியாக அமுக்கியது. அவர் அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்தும் அவளுக்கு மனசு இளகவில்லை. ஒரு மணிச் சங்கு ஊதியது. எல்லோருக்கும் அது பெரிய உபகாரமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள். லாக்கரை முதலில் சொல்வதா, ஆட்டத்தை முதலில் சொல்வதா? இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவது என்று முடிவெடுத்தாள். ஏமாளியாக இருப்பதைவிட அழுது தீர்ப்பது மேல். பையை மாடிப்படிக்குக் கீழே மறைத்து வைத்துவிட்டு மேலே போனாள்.

படியேறும்போதே கேட்டது. டக், டக்.

பிரேக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையணை சரிந்து கிடந்தது. தானாக நகர்ந்து நிமிர்ந்திருக்கிறார். முகம் சிவந்து, கோணிய வாய் இன்னும் கோணி, கண்ணில் தண்ணீர். அவள் பயந்தே போனாள். அப்புறம்தான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

“வந்துட்டான்!” என்றார். “சுத்தியல் வந்துட்டான் இன்னைக்கு!”

“இங்கயா? எங்க?”

“ஆட்டத்துல! அவனே ஆடினான். அவன் கையாலயே!” மூச்சு வாங்கினார். “உனக்குத் தெரியாது. இவ்வளவு நாளா அவனுங்க ஆடல. வெறும் மெஷின். பேர் மட்டும்தான் அவனுங்களுது. ரெண்டாவது வாரமே கண்டுபிடிச்சுட்டேன். சுத்தியலாவது, டபுள் ஆறை முதல்ல போடறதாவது!”

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். “தெரிஞ்சுமா இத்தனை மாசம்...?”

“கேட்டா அதையும் நிறுத்திடுவானுங்க. மெஷினாவது அவன் பேர்ல ஆடுதேன்னு விட்டுட்டேன். என்னைக்காவது ஒருநாள் வருவான்னு பார்த்துட்டே இருந்தேன். மெஷினுக்கு எவனாவது தட்டிக் காட்டுவானா? அதான் தட்டறதைக்கூட விட்டுட்டேன்.” போனைத் தடவினார். “இன்னைக்கு யோசிச்சு யோசிச்சு வச்சான். எல்லாம் தப்புத் தப்பா. கடைசியில எல்லாக் கட்டையும் திரும்பினப்போ பார்த்தா டபுள் ஆறைக் கையிலயே வச்சுட்டு உக்காந்திருக்கான், முட்டாப் பய! தோத்துட்டோம். பன்னெண்டு புள்ளி!” அதற்குமேல் பேச முடியாமல் சிரித்தார். பலகையை மறுபடி இரண்டு தட்டு தட்டினார். ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. அவருக்கு நிறுத்த மனசில்லை.

வாயிலிருந்த சொல்லையெல்லாம் அவள் விழுங்கினாள். நான்தான் அது, நான்தான் அந்த முட்டாள் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஒரு வருஷமாகக் கிடந்த மனுஷன் தானாக எழுந்து உட்கார்ந்திருக்கிறாரே. அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. அங்கே எல்லாவற்றையும் அழிக்க வைத்துவிட்டு வந்த தன் வாயை நினைத்து அதைவிட ஆத்திரம் வந்தது.

“மருந்து வாங்கினியா?”

“கிடைக்கலீங்க.”

“சரி விடு. நாளைக்கு என்னைக் கொஞ்சம் சீக்கிரமா உக்கார வச்சுடு. தாடியை எடுத்து விடு. அவன் பாக்கப் போறதில்லதான், இருந்தாலும்.” பிறகு யோசித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நாளைக்கும் வருவான்ல?”

“வருவாருங்க,” என்றாள்.

பிளேடு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். படிக்குக் கீழே பை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், ஸ்பாஞ்சுத் திண்டை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தன் போனில் அந்த ஆட்டத்தைத் தேடி இறக்கினாள். அறையை இனி அவளே திறக்கலாம். அவர் போனில் அடித்துக் கொடுப்பதும் எப்போதும் அவள்தானே. மற்ற இரண்டு பேருக்கு மெஷின் போதும். சமையலறையில் நின்று ஆடலாம், தட்டுகிற சத்தமும் கேட்கும். நல்ல ஆட்டம் கற்றுக்கொண்டால் மட்டும் மாட்டிக்கொள்வாள். இரட்டை ஆறு வரும்போதெல்லாம் விடாமல் வைத்திருக்க வேண்டும், தினமும் தோற்க வேண்டும்.

‘உங்கள் பெயர்?’ என்று திரை கேட்டது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுத்தியல் என்று அடித்தாள்.